பேச்சு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்: 'க்ளீ' தொடரில் கடவுளும் கடவுள் மறுப்பும்

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2009 மே முதல் 2015 மார்ச் வரை ஆறு பருவங்கள் ஓடிய இசை நகைச்சுவைத் தொடர் 'க்ளீ'. அதன் இரண்டாம் பருவத்தின் மூன்றாம் அத்தியாயம் 2010 அக்டோபர் 5 அன்று ஒளிபரப்பானது. அதில் ஒரு மாணவன் தான் வாட்டிய சான்ட்விச்சில் இயேசுவின் முகத்தைப் பார்க்கிறான். இன்னொரு மாணவனின் தந்தை மாரடைப்பு வந்து நினைவின்றிக் கிடக்கிறார். அந்த நிலையிலும் அவன் தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று நண்பர்களின் முகத்துக்கு நேராகச் சொல்கிறான்.

இந்த அத்தியாயம் ஆத்திகத்தின் பக்கம் நிற்கிறதா, நாத்திகத்தின் பக்கம் நிற்கிறதா? பார்த்தவர்களிடம் கேட்டால் இரண்டு பதிலும் வரும். இரண்டுக்கும் அதிலேயே சான்று இருக்கிறது. இதில் வாதம் இரண்டு தடங்களில் ஓடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். கூர்மையான வசனங்கள் கடவுளை மறுப்பவர்களுக்குப் போயிருக்கின்றன. உருக்கமான பாடல்களில் பெரும்பங்கு நம்புகிறவர்களுக்குப் போயிருக்கிறது. இசைத் தொடரில் யார் எதைப் பாடுகிறார்கள் என்பதும் வாதத்தின் ஒரு பகுதிதான். அதைக் கணக்கில் எடுக்காமல் வசனத்தை மட்டும் கேட்டால் பாதிக் கதையே கிடைக்கும்.

## தொடரைப் பற்றிச் சில அடிப்படைகள்

ரயன் மர்ஃபி, பிராட் ஃபால்சக், இயன் பிரென்னன் மூவரும் உருவாக்கிய தொடர் இது. ஒஹையோ மாநிலத்தின் லைமா ஊரில் உள்ள வில்லியம் மெக்கின்லி உயர்நிலைப் பள்ளி என்ற கற்பனைப் பள்ளிதான் களம். அது அரசுப் பள்ளி. இந்த விவரம் பின்னால் முக்கியமாகும். பள்ளியின் பாடற்குழுவில் சேர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் மற்ற மாணவர்களின் கேலிக்கு ஆளானவர்கள். ஆசிரியர் வில் ஷூஸ்டர் வாரம் ஒரு கருப்பொருளைக் கொடுப்பார். மாணவர்கள் அதற்கேற்ற பாட்டைத் தேடி வந்து பாடுவார்கள். பெரும்பாலும் எல்லாமே ஏற்கெனவே பிரபலமான பாடல்கள். கதாபாத்திரத்தின் மனத்தைச் சொல்வதற்கு இருக்கும் பாட்டுகளிலிருந்துதான் ஒன்றை எடுத்தாக வேண்டும். இந்தக் கட்டுப்பாடு நாம் பேசப்போகும் விஷயத்தில் நிறைய வேலை செய்கிறது.

அத்தியாயத்தின் பெயர் 'கிரில்ட் சீஸஸ்'. சீஸையும் ஜீசஸையும் ஒட்டிய கிண்டல் பெயர். எழுதியவர் ஃபால்சக், இயக்கியவர் அல்ஃபோன்சோ கோமஸ்-ரெஹோன். சான்ட்விச் விஷயம் முழுக்க வானத்திலிருந்து விழுந்த கற்பனையல்ல. கன்னி மரியாளின் முகம் தெரிவதாகச் சொல்லப்பட்ட ஒரு பழைய சீஸ் சான்ட்விச் 2004இல் ஈபே ஏலத்துக்கு வந்தது. ஓர் இணையச் சூதாட்ட நிறுவனம் அதை 28,000 டாலருக்கு வாங்கியது. புள்ளிகளும் கறைகளும் நம் மூளைக்கு முகமாகத் தெரிவதை உளவியலில் பேரிடோலியா என்கிறார்கள். மேகத்தில் முகம் காண்பதும் இதே வகைதான்.

## நான்கு பேர், நான்கு நிலைகள்

இந்த அத்தியாயத்தை நம்பிக்கைக்கும் மறுப்புக்கும் நடக்கும் போட்டி என்று இரண்டாகப் பிரித்தால் கைக்குச் சிக்காது. குறைந்தது நான்கு நிலைகள் இருக்கின்றன.

1. ஃபின் ஹட்சன்: கொடுக்கல் வாங்கல் பக்தி. சான்ட்விச் முகத்திடம் ஃபின் மூன்று வரம் கேட்கிறான். பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயிக்க வேண்டும். காதலி ரேச்சல் தன்னைக் கொஞ்சம் நெருங்க விட வேண்டும். தனக்கு மறுபடியும் குவார்ட்டர்பேக், அதாவது அணியின் தாக்குதலை வழிநடத்தும் வீரரின் இடம் கிடைக்க வேண்டும். மூன்றும் நடக்கின்றன. ஆனால் நடக்கும் விதம்தான் கவனிக்க வேண்டியது. யூதப் பெண்ணான ரேச்சல், பிற்காலத்தில் பிறக்கும் பிள்ளைகளை யூத முறையில் வளர்க்கச் சம்மதமா என்று கேட்கிறாள். இவன் தலையாட்டிய பிறகே இணங்குகிறாள். அந்தக் கணத்தில் அவன் எதற்கும் தலையாட்டியிருப்பான். குவார்ட்டர்பேக் இடம் கிடைப்பதற்கோ சாம் என்ற மாணவனுக்குத் தோள் இடம் பெயர வேண்டியிருக்கிறது. தன் வேண்டுதலால்தான் இன்னொருவனுக்கு அடிபட்டதோ என்று ஃபின் கலங்குகிறான்.

2. மெர்சிடீஸ் ஜோன்ஸ்: சபையின் நம்பிக்கை. கறுப்பினத் திருச்சபையில் வளர்ந்த பெண். அவளுக்குக் கடவுள் என்பவர் நிரூபிக்க வேண்டிய கருத்து அல்ல. ஞாயிற்றுக்கிழமை கூடும் ஆட்களும் அவர்களோடு சேர்ந்து பாடும் பாட்டும்தான் அவளுடைய நம்பிக்கையின் உடம்பு.

3. கர்ட் ஹம்மல்: காரணங்களோடு வரும் மறுப்பு. கர்ட் ஒருபால் ஈர்ப்பு உள்ளவன் என்பதை முதல் பருவத்திலேயே வெளிப்படையாகச் சொன்னவன். எட்டு வயதில் தாயை இழந்தவன். மாரடைப்பு வந்து கிடப்பது இவனுடைய தந்தைதான். பெரியவர்களுக்கான சான்டா கிளாஸ்தான் கடவுள் என்கிறான். தன்னைப் போன்றவர்களையும் பெண்களையும் அறிவியலையும் திருச்சபைகள் மதிப்பதில்லை என்கிறான். நிலாவின் இருண்ட பக்கத்தில் ஒரு தேநீர்க் கெண்டி மிதக்கிறது, அதற்குள் ஒரு குள்ளன் இருக்கிறான் என்று சொன்னாலும்தான் யாராலும் பொய்யென்று நிரூபிக்க முடியாது, அதற்காக நம்பிவிடுவீர்களா என்று கேட்கிறான். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சுற்றும் தேநீர்க் கெண்டி என்று தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸல் 1952இல் முன்வைத்த உவமையின் பதின்பருவக் குறும்பு வடிவம் இது. ஒரு கூற்றை முன்வைப்பவர்தான் அதற்குச் சான்றும் தர வேண்டும் என்பதே ரஸலின் வாதம்.

4. சூ சில்வெஸ்டர்: காயத்தில் பிறந்த மறுப்பு. தொடரின் நிரந்தர வில்லி, சியர்லீடிங் பயிற்சியாளர். டவுன் சிண்ட்ரோம் உள்ள அக்கா ஜீனைச் சிறுவயதில் தெய்வமாகக் கொண்டாடியவள். ஊர் பிள்ளைகள் அக்காவைக் கேலி செய்தபோது அவள் குணமாக வேண்டும் என்று ஜெபித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அதோடு முடிந்தது அவளுடைய கடவுள்.

இவர்களில் ஃபின்னின் நிலையைத்தான் தொடர் முழுக்கக் கேலிக்குரியதாக்குகிறது. வழிகாட்டி ஆசிரியை எம்மா அவனை உட்காரவைத்து, கடவுள் பல வழிகளில் செயல்படலாம், ஆனால் சான்ட்விச் வழியாகப் பேசுவார் என்று தோன்றவில்லை என்கிறாள். கடைசியில் அவன் அந்தச் சான்ட்விச்சைத் தின்றுவிடுகிறான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கேட்டது கிடைத்தால் நம்பிக்கை, கிடைக்காவிட்டால் மறுப்பு என்ற கணக்கில் ஃபின்னும் சிறுவயதுச் சூவும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். ஒருவனுக்குக் கிடைத்தது, மற்றவளுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மெர்சிடீஸும் கர்ட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே இருப்பவர்கள். ஆகவே உண்மையான உரையாடல் அவர்கள் இருவருக்கும் நடுவேதான் நடக்கிறது.

## ஏழு பாட்டு, அதில் ஒரு பாமாலைகூட இல்லை

ஆன்மீகம் என்று கருப்பொருள் வைத்த அத்தியாயத்தில் ஏழு பாடல்கள் வருகின்றன. தேவாலய ஆராதனைக்கென்று எழுதப்பட்ட பாடல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பாப், ராக் அல்லது திரைப்பாடல். இதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. ஆராதனைப் பாட்டு வந்தால் எந்தச் சபை, எந்த மதம் என்ற கேள்வி கூடவே வரும். பாப் பாட்டு வந்தால் நம்பிக்கை பொத்தாம்பொதுவாகிவிடும், யாரும் சங்கடப்படாமல் உள்ளே வரலாம். மதம் சார்ந்த பாடல்களைப் பாடுகிறார்கள் என்று கதைக்குள் புகார் எழுகிறது. ஆனால் அங்கே பாடப்படுவதில் மதப் பாடல் என்று தயங்காமல் சொல்லக்கூடியது ஏதாவது இருக்கிறதா என்று தேடினால் கை வெறுங்கையாகத்தான் திரும்பும்.

யூத மாணவன் பக் எழுந்து பாடுவது பில்லி ஜோயலின் 1977ஆம் ஆண்டுப் பாட்டு. கத்தோலிக்கக் கட்டுப்பாட்டில் வளர்ந்த பெண்ணை மயக்கப் பார்க்கும் இளைஞனின் குறும்பு அது. விட்னி ஹூஸ்டன் 2009இல் பாடிய 'ஐ லுக் டு யூ' பாடலை மெர்சிடீஸ் கர்ட்டைப் பார்த்துப் பாடுகிறாள். உன்னையே நோக்குகிறேன் என்று உருகும் அந்தப் பாட்டில் 'நீ' யார் என்பது கேட்பவரின் விருப்பம். ரேச்சல் 1983இல் வந்த 'யென்டில்' படத்தின் பாடலைப் பாடுகிறாள். அதில் அப்பா என்று அழைக்கப்படுபவர் இறந்த தந்தையா, பரமபிதாவா என்ற கோடு வேண்டுமென்றே அழிக்கப்பட்டிருக்கும். கர்ட்டின் அப்பாவுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

நடுவே ஃபின், ஆர்.ஈ.எம். குழுவின் 'லூசிங் மை ரிலிஜன்' பாடலைப் பாடித் தன் நம்பிக்கை போனதை அறிவிக்கிறான். அந்த 1991ஆம் ஆண்டுப் பாட்டு மதத்தைப் பற்றியதே அல்ல, ஒருதலைக் காதலின் பரிதவிப்பு. ஆக, நம்பிக்கை இழப்பைச் சொல்லவந்த ஒரே பாட்டும் உண்மையில் வேறு எதையோ பேசுகிறது. அதையும் பாடுபவன் சிந்தித்து மறுத்தவன் அல்ல, சான்ட்விச்சால் ஏமாந்தவன். கடவுள் மறுப்புக்கென்று பாப் உலகில் பாட்டே இல்லையா என்றால், இருக்கிறது. சொர்க்கமும் மதமும் இல்லாத உலகைக் கற்பனை செய்யச் சொல்லும் ஜான் லென்னனின் 1971ஆம் ஆண்டு 'இமேஜின்' அனைவருக்கும் தெரிந்தது. 'க்ளீ' அதை முதல் பருவத்திலேயே, 2009 நவம்பரில், செவித்திறன் குன்றிய மாணவர்களின் பாடற்குழுவோடு சேர்ந்து பாடித் தீர்த்துவிட்டது. அங்கே அது நெகிழ்ச்சிக்காக வந்தது. வரிகளின் பொருளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

தேவாலயக் காட்சிதான் இசையளவில் மிகவும் செறிவானது. கர்ட்டை மெர்சிடீஸ் தன் தேவாலயத்துக்கு அழைத்துப் போகிறாள். அன்றைய ஜெபம் அவன் தந்தைக்காக என்று சபையிடம் அறிவிக்கிறாள். பிறகு சபைப் பாடகர்களோடு சேர்ந்து சைமன்–கார்ஃபங்கல் இணையின் 1970ஆம் ஆண்டுப் பாடலான 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' பாடுகிறாள். இந்தப் பாட்டின் பிறப்பு சுவையானது. பால் சைமன் யூதர். 'ஸ்வான் சில்வர்டோன்ஸ்' என்ற கறுப்பினக் காஸ்பல் (தேவாலயப் பக்தி இசை) குழுவின் பாடகர் கிளாட் ஜீட்டர் ஒரு பக்திப் பாட்டின் நடுவே, என்னை நம்பினால் ஆழமான நீரின் மேல் உனக்குப் பாலமாவேன் என்ற கருத்தைப் பாடியிருந்தார். அதைக் கேட்டுத்தான் சைமனுக்கு இந்த வரி தோன்றியது. காஸ்பலில் கடவுள் பாலமானார், சைமனின் பாட்டில் நண்பன் பாலமானான். 1971இல் அரீதா ஃபிராங்க்ளின் அதை மீண்டும் காஸ்பல் முறையில் பாடினார். 'க்ளீ' அந்தச் சுற்றைத் தொடர்ந்து பாட்டைத் தேவாலயத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. கடவுளை நம்பாத கர்ட்டுக்கு அந்த இடத்தில் கிடைப்பது நட்புக்காக எழுதப்பட்ட வரிகள். பாடுகிற முறை மட்டும் ஆராதனை முறை. எந்தப் பக்கமும் தோற்காமல் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார இதைவிட நல்ல வழி இருந்திருக்காது.

அந்தக் காட்சியில் மெர்சிடீஸ் சொல்வதன் சாரம் இது: கடவுளை நம்ப வேண்டாம், ஆனால் புனிதமானது என்று பற்றிக்கொள்ள ஏதாவது ஒன்று இல்லாமல் தனியாக வாழ்ந்துவிட முடியாது.

இதற்கான பதிலைக் கர்ட் ஏற்கெனவே பாடிவிட்டான் என்பதுதான் அத்தியாயத்தின் அழகு. வகுப்பில் அவன் தன் தாயின் அடக்கத்தை நினைவுகூர்கிறான். உடலைக் குழியில் இறக்கும்போது அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அதைச் சொல்லிவிட்டு பீட்டில்ஸின் 1963ஆம் ஆண்டுத் துள்ளல் பாட்டான 'ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' பாடலை மெதுவாக, ஏறக்குறைய தாலாட்டுப் போலப் பாடுகிறான். காதலியின் கையைப் பிடிக்கக் கேட்கும் பாட்டு அப்பாவின் கையைத் தேடும் பாட்டாக மாறுகிறது. அதில் கடவுளும் இல்லை, கடவுள் மறுப்பும் இல்லை. ஏழு பாடல்களில் மனத்தில் அதிகம் தங்குவது இதுதான் என்பேன். மருத்துவமனைப் படுக்கையருகே அவன் அப்பாவிடம் பேசுவது இதன் தொடர்ச்சி. கடவுளை நம்பவில்லை, உங்களை நம்புகிறேன், நீங்களும் நானும்தான் எனக்குப் புனிதம் என்கிறான். அப்போது அப்பாவின் விரல் அசைகிறது.

விரல் ஏன் அசைந்தது? நண்பர்களின் ஜெபமா, மகனின் கையா, கர்ட் வரவழைத்த சீக்கியப் பெண்ணின் அக்குபங்சரா, மருத்துவமா? எழுத்தாளர்கள் கவனமாக ஒதுங்கிக்கொள்கிறார்கள். அற்புதம் என்று கொள்ள விரும்புகிறவருக்கு அதற்கும் இடம் விட்டிருக்கிறார்கள்.

கடைசியில் குழுவினர் சேர்ந்து பாடுவது ஜோன் ஆஸ்போர்ன் 1995இல் பிரபலமாக்கிய 'ஒன் ஆஃப் அஸ்'. பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்காரும் சாதாரண ஆளாகக் கடவுள் இருந்தால் என்ன என்று கேட்கும் பாட்டு. கேள்வியாகவே முடியும் பாட்டைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கும் எச்சரிக்கை சொல்லாமலே விளங்கும்.

## அரசுப் பள்ளியில் மதப் பாட்டு: சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

கதையில் கர்ட்டைத் தூண்டி சூ புகார் எழுப்ப வைக்கிறாள். அரசுப் பள்ளியில் மதப் பாடல்கள் கூடாது என்று பள்ளி முதல்வரும் நிறுத்தச் சொல்கிறார். பார்ப்பவர்கள் பலர் இதையே அமெரிக்கச் சட்டம் என்று எடுத்துக்கொள்வார்கள். நிலைமை அத்தனை எளிதல்ல.

1791இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் முதல் திருத்தத்தில் மதம் குறித்து இரண்டு பாதிகள் உள்ளன. அரசு ஒரு மதத்தை நிறுவவோ ஆதரிக்கவோ கூடாது என்பது ஒன்று. தனிமனிதர் தம் மதத்தைப் பின்பற்றுவதை அரசு தடுக்கக் கூடாது என்பது மற்றது. அரசுப் பள்ளிகளில் எழும் வழக்குகள் எல்லாம் இந்த இரண்டு பாதிகளும் உரசிக்கொள்ளும் இடத்தில் பிறந்தவைதான்.

1. 1962: நியூயார்க் மாநில அதிகாரிகள் இயற்றிய ஒரு சிறு ஜெபத்தைப் பள்ளிகளில் சொல்ல வைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விரும்பாத மாணவர் விலகிக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தும் தீர்ப்பு மாறவில்லை.

2. 1963: பள்ளி நாளின் தொடக்கத்தில் வழிபாடாக விவிலியம் வாசிப்பதும் செல்லாது என்றது. அதே தீர்ப்பு, விவிலியத்தை இலக்கியமாகவோ வரலாறாகவோ பாடத்தில் படிப்பதற்குத் தடையில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

3. 1984: நாடாளுமன்றம் இயற்றிய சம அணுகல் சட்டத்தின்படி, பிற மாணவர் மன்றங்களுக்கு இடம் கொடுக்கும் உயர்நிலைப் பள்ளி, மாணவர்களே நடத்தும் மத மன்றத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1990இல் இதை உறுதிசெய்தது.

4. பாடற்குழுக்களைப் பற்றியே நேரடியான தீர்ப்புகள் உண்டு. டெக்சாஸ் பள்ளி ஒன்றின் வழக்கில் 1995இலும், சால்ட் லேக் சிட்டி பள்ளி ஒன்றில் யூத மாணவி தொடுத்த வழக்கில் 1997இலும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் மதப் பாடல்களைப் பாடுவதை அனுமதித்தன. மேற்கத்தியக் குழுப்பாடல் மரபில் பெரும்பகுதி மதம் சார்ந்தது, கலைக்காக அதைக் கற்பிப்பது மதத்தை ஆதரிப்பதாகாது என்பதே காரணம்.

ஆக, மெக்கின்லி பள்ளி முதல்வர் அவசரப்பட்டிருக்கிறார். மாணவர்கள் தாமே தேர்ந்தெடுத்த பாப் பாடல்களை வகுப்பில் பாடுவதற்கு எதிராக நீதிமன்றத்தில் ஜெயிப்பது கடினம். ஆனால் இயேசுவைப் போற்றும் வாரமாக வைக்கலாம் என்று ஃபின் கேட்டபோது, ஆசிரியர் அதை ஆன்மீகம் என்று பொதுவாக்கியது சட்டப்படி சரியான முடிவு. அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் ஒரு மதத்தைப் போற்றும்படி பணி கொடுத்திருந்தால் கதை வேறு. அத்தியாயம் வந்த 2010இல் அதுவே நடைமுறை. 2022இல் பள்ளிக் கால்பந்து மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் முழங்காலிட்டு ஜெபித்த பயிற்சியாளருக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் தீர்ப்பளித்த பிறகு, ஊழியர்களின் தனிப்பட்ட ஜெபத்துக்கான எல்லை விரிந்திருக்கிறது.

## தராசு எங்கே சாய்கிறது

கடவுள் மறுப்பை மேடைப் பேச்சாகவும் இயக்கமாகவும் கேட்டுப் பழகிய தமிழ் வாசகருக்கு, கர்ட்டின் தனிமை கொஞ்சம் விசித்திரமாகத் தெரியலாம். அமெரிக்கச் சூழலில் அது இயல்பு. பியூ ஆய்வு மையத்தின் 2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தம்மை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர்கள் 1.6 சதவீதம், 2014இல் 3.1 சதவீதம். மினசோட்டா பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உங்கள் பிள்ளை யாரை மணப்பதை ஏற்க மாட்டீர்கள் என்பது போன்ற கேள்விகளில் நாத்திகர்கள்தான் மற்ற எல்லாச் சிறுபான்மையினரையும் விட அதிக மறுப்பைப் பெற்றார்கள். அப்படிப்பட்ட நாட்டில், செவ்வாய் இரவு எட்டு மணிக்குக் குடும்பங்கள் பார்க்கும் தொடரில், அனைவருக்கும் பிடித்த ஒரு பதின்பருவக் கதாபாத்திரத்தை நாத்திகனாகக் காட்டியது சின்ன விஷயமல்ல. அதுவரை அமெரிக்கத் தொலைக்காட்சி நாத்திகர் என்றால் பெரும்பாலும் கடுகடு மருத்துவர் அல்லது மனிதரோடு ஒட்டாத விஞ்ஞானி. அதே ஃபாக்ஸில் ஓடிய 'ஹவுஸ்' தொடரின் நாயகன் நல்ல உதாரணம். கர்ட் அழுகிற, பாடுகிற, அப்பாவை நேசிக்கிற நாத்திகன்.

ஆனாலும் இரண்டு இடங்களில் தொடர் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை என்பது என் கணிப்பு.

ஒன்று, மறுப்புக்கு மட்டும் காரணம் கேட்கப்படுகிறது. கர்ட் ஏன் நம்பவில்லை என்பதற்கு அவன் பட்ட அவமானம் இருக்கிறது. சூ ஏன் நம்பவில்லை என்பதற்கு அக்காவின் கதை இருக்கிறது. மெர்சிடீஸோ சக மாணவி க்வின்னோ ஏன் நம்புகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, அதற்கு விளக்கம் தேவைப்படுவதாகவும் தொடர் நினைக்கவில்லை. நம்பிக்கை இயல்பு நிலை, மறுப்பு ஏதோ அடிபட்டதன் தழும்பு என்ற எண்ணம் இதன் வழியே உள்ளே நுழைந்துவிடுகிறது. யாருக்கும் எந்தத் துன்பமும் நேராமல், யோசித்து மட்டுமே கடவுளை மறுத்த ஒருவர் கதையில் இல்லை.

இரண்டாவது இன்னும் உறுத்துவது. கர்ட் வெளிப்படையாக வேண்டாம் என்ற பிறகும் மெர்சிடீஸ், ரேச்சல், க்வின் மூவரும் மருத்துவமனை அறைக்குள் புகுந்து முறைவைத்து ஜெபிக்கிறார்கள். அதைக் கண்டு அவன் கோபப்படுகிறான். அத்தியாயம் முடிவதற்குள், அவர்களை விட்டிருக்கலாம், அது என்னைப் பற்றியதல்ல, அப்பாவைப் பற்றியது என்று அவனே இறங்கி வருகிறான். அது பெருந்தன்மை. ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து, உன் சொல்லை மீறியிருக்கக் கூடாது என்று ஒரு வரிகூட வரவில்லை. நினைவின்றிக் கிடந்த அந்த மனிதரின் நம்பிக்கை என்ன, ஜெபத்தை அவர் விரும்பியிருப்பாரா என்ற கேள்வியையும் யாரும் எழுப்பவில்லை. மருத்துவ அறத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி அது.

இந்தச் சாய்வை ஓரளவு ஈடுசெய்வது சூவுக்கும் எம்மாவுக்கும் நடக்கும் மோதல். எத்தனை ஆறுதலானாலும் ஒரு கற்பனையை நம்பச் சொல்வது கொடுமை என்கிறாள் சூ. அது ஆணவமில்லையா என்று எம்மா கேட்க, நம்பாதவன் எவ்வளவு நேர்மையானவனாக இருந்தாலும் நரகத்துக்குப் போவான் என்று சொல்வதைவிடவா என்று திருப்பிக் கேட்கிறாள். எம்மாவிடம் பதில் இல்லை. பிறகு சூ அக்காவிடம் போய், கடவுளை நம்புகிறாயா என்று கேட்கிறாள். கடவுள் தவறு செய்வதில்லை என்கிறாள் ஜீன், தங்கைக்காக ஜெபிக்கட்டுமா என்றும் கேட்கிறாள். சூ சரி என்கிறாள். யாருக்காக அவள் கடவுளோடு சண்டை போட்டாளோ, அவளுக்கு அந்தச் சண்டையே தேவைப்படவில்லை. சூ இதனால் நம்பிக்கையாளராக மாறிவிடவில்லை. அன்புக்குரியவர் தரும் ஜெபத்தை மறுக்கவில்லை, அவ்வளவே.

## பிறகு வந்த அத்தியாயங்களில்

ஒரே ஓர் அத்தியாயத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. அதே பருவத்தின் பத்தாம் அத்தியாயம், 2010 டிசம்பர் 7இல் வந்த கிறிஸ்துமஸ் சிறப்பு, ஒன்பது வாரங்களுக்கு முன் கர்ட் எறிந்த சான்டா உவமைக்குத் தற்செயலாகவோ வேண்டுமென்றோ பதில் சொல்கிறது. பிரிட்டனி என்ற மாணவி சான்டா கிளாஸ் உண்மையிலேயே இருப்பதாக நம்புகிறாள். சக்கர நாற்காலியில் இருக்கும் தன் காதலன் ஆர்ட்டி நடக்க வேண்டும் என்று சான்டாவிடம் கேட்கிறாள். அவள் நம்பிக்கை உடையக் கூடாது என்று நண்பர்கள் அனைவரும் சேர்ந்து நாடகமாடுகிறார்கள். முடிவில் ஆர்ட்டி எழுந்து நிற்க உதவும் ஒரு கருவி மரத்தடியில் இருக்கிறது. வாங்கி வைத்தவர் பயிற்சியாளர் பீஸ்ட் என்பது பார்ப்பவருக்கு மட்டும் புரியும்படி காட்டப்படுகிறது. அற்புதத்தை மனிதர்கள்தான் செய்கிறார்கள், பெயர் வேறு ஒருவருக்குப் போகிறது. நாத்திகர் இதைத் தன் பக்க ஆதாரம் என்பார், ஆத்திகரும் அப்படியே சொல்வார்.

2011 மே மாதம் ஜீன் இறக்கிறாள். இறுதிச் சடங்கை ஒழுங்குசெய்ய சூவுக்கு உதவுவது கர்ட்டும் ஃபின்னும். சான்ட்விச்சை வணங்கியவனும் கடவுளை மறுத்தவனும் சேர்ந்து, ஜீனுக்குப் பிடித்த ஒரு குழந்தைகள் திரைப்படத்தின் அலங்காரத்தோடு அதை நடத்துகிறார்கள். அங்கே குழு பாடுவதும் அந்தப் படத்தின் பாடல்தான்.

மூன்றாம் பருவத்தில், 2012 பிப்ரவரி 14 அன்று, 'காட் ஸ்குவாட்' என்ற மாணவர் மன்றம் வருகிறது. மெர்சிடீஸ், க்வின், சாம், புதிதாகச் சேர்ந்த ஜோ நால்வரும் உறுப்பினர்கள். 1984 சட்டம் அனுமதிக்கும் வகை மன்றம் இது. நன்கொடை திரட்டக் காதலர் தினப் பாட்டுத் தூது விடுகிறார்கள். சன்டானா என்ற பெண் தன் காதலி பிரிட்டனிக்குப் பாடச் சொல்லிப் பணம் கொடுக்கிறாள். விவிலியத்தில் ஊறி வளர்ந்த ஜோ தயங்குகிறான், யோசிக்கிறான், கடைசியில் பாடுகிறான். 2010இல் நம்பிக்கையோடு கர்ட்டுக்கு இருந்த முரண்பாட்டின் வேர், ஒருபால் காதலை மதம் ஏற்குமா என்ற இதே கேள்விதான். அப்போது தொடர் அதை ஒரே வரியில் தாண்டிப் போனது, இப்போது நம்புகிறவன் அதற்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது.

சன்டானாவுக்கு வீட்டில் நடந்தது இன்னும் கடுமை. அவள் உண்மையைச் சொன்னதும் பாட்டி வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறார். செய்வதைவிட அதை வெளியில் சொல்வதுதான் பாவம் என்பது அவர் வாதம். இறையியலைவிட ஊர்வாய்க்கு அஞ்சும் மதம் எப்படி இருக்கும் என்பதை இந்தத் தொடரில் மிகச் சுருக்கமாகக் காட்டிய காட்சி இது.

அந்தப் பாட்டி மனம் மாறி வந்து கலந்துகொள்ளும் திருமணம் 2015 பிப்ரவரி 20 அன்று ஒளிபரப்பானது. சன்டானாவும் பிரிட்டனியும், கர்ட்டும் அவன் காதலன் பிளெய்னும் என்று இரண்டு இணையர். ஒஹையோவில் அப்போது ஒருபால் திருமணத்துக்கு இடமில்லை, ஆகவே பக்கத்து மாநிலமான இண்டியானாவில் நடக்கிறது. போதகருக்குரிய இடத்தில் நின்று நடத்திவைப்பவர் கர்ட்டின் அப்பா பர்ட் ஹம்மல். நான்கு மாதம் கழித்து, ஜூன் 26 அன்று, நாடு முழுவதும் அத்தகைய திருமணம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கின் முதல் மனுதாரர் ஒஹையோக்காரர்.